தெரபி ஐயா பதில்கள்: கட்டு பிரித்த பிறகுதான் வேலை

(தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கும் ‘தெரபி ஐயா’ வாசகர்களின் ஆவிக்குரிய கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: நான் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வயது 34. வருஷா வருஷம் கன்வென்ஷனில் அழுது, கையைத் தூக்கி, என்னை ஒப்புக்கொடுக்கிறேன். அந்த வாரம் மனசு லேசாக இருக்கிறது. அப்புறம் டார்கெட், கடன் தவணை, லைனில் பெண்களிடம் கத்துவது என்று பழையபடி ஆகிவிடுகிறது. இயேசு ‘பரிபூரண ஜீவன்’ தருவதாகச் சொன்னாரே, எனக்கு மட்டும் ஏன் அது கிடைக்கவில்லை? — பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறார்கள். மூன்றரைப் பக்கம் கன்வென்ஷன் பற்றி: யார் பேசினார், எந்தப் பாட்டுக்கு உங்களுக்கு அழுகை வந்தது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள். ‘லைனில் பெண்களிடம் கத்துவது’ என்பது போகிற போக்கில் ஒரு அரை வரி. என் கண் அந்த அரை வரியில்தான் நின்றது.

என் தொழிலை வைத்தே சொல்கிறேன், வேறு எனக்குத் தெரியாது. 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் விரல்கள் உள்பக்கமாக வளைந்துபோன கைகளுக்கு இங்கேதான் அறுவை சிகிச்சை செய்து காட்டினார். செயலிழந்த தசைக்குப் பதிலாக, நல்ல நிலையில் இருக்கிற வேறொரு தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கிற கயிறு மாதிரியான பகுதி) எடுத்து, இடம் மாற்றித் தைப்பார்கள். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் ஆள் எங்கள் பிரிவுக்கு வருவார். என் வேலை அங்கே ஆரம்பம்.

கட்டு பிரித்த அன்று அந்தக் கையைப் பார்க்க வேண்டும். தோல் உரிந்து, வெளுத்து, மெலிந்திருக்கும். “இந்த டம்ளரைப் பிடிங்க” என்று சொன்னால், விரல் பழைய மாதிரியேதான் போகும். நோயாளி முகம் விழுந்துவிடும். “ஆபரேஷன் பிடிக்கலையா சார்?” என்பார். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கும். தசை புது இடத்துக்கு வந்துவிட்டது, மூளைதான் இன்னும் பழைய உத்தரவைப் போட்டுக்கொண்டிருக்கிறது. நேற்றுவரை ஒரு விரலின் நடுக் கணுவை மடக்கிக்கொண்டிருந்த தசை அது. இன்று அதே தசை நான்கு விரலையும் அடிக்கணுவில் மடக்கி, நுனியை நிமிர்த்த வேண்டும். “பழைய விரலை மடக்குற மாதிரி நினைச்சுக்குங்க” என்று சொல்லி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று விரல் லேசாக அசையும். பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் அப்போது குழந்தை மாதிரிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று தினமும் பயிற்சி. ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்தால் கை வீங்கிவிடும்.

கன்வென்ஷனில் உங்களுக்கு நடந்தது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பந்தலில் அழுவதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனால் நீங்கள் தெரபிக்கே வராமல், வருஷா வருஷம் திரும்பவும் ஆபரேஷன் டேபிளில் வந்து படுக்கிறீர்கள். எந்த டாக்டர் என்ன செய்வார்? ‘உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்’ என்று பவுல் ரோமர் 12இல் எழுதுகிறார். அதே அதிகாரத்தில் தொடர்ந்து படியுங்கள். உபசரிப்பது, அழுகிறவர்களுடனே அழுவது, கூடுமானால் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருப்பது, பசியாயிருக்கிற சத்துருவுக்குச் சோறு போடுவது என்று எல்லாம் திங்கட்கிழமைச் சமாச்சாரம்.

பரிபூரண ஜீவன் என்று யோவான் 10:10ஐ எழுதியிருக்கிறீர்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்தச் சீட்டில் இந்த வசனம் எனக்கும் வந்திருக்கிறது, சந்தோஷமாக பர்ஸில் வைத்துக்கொண்டேன். (‘தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு’ என்கிற லூக்கா 9:23 மட்டும் எந்தப் புத்தாண்டிலும் என் கைக்கு வரவில்லை. அச்சடிக்கிறவர்கள் யோசித்துத்தான் அச்சடிக்கிறார்கள்.) அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: ‘நானே நல்ல மேய்ப்பன்: நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான்.’ பரிபூரணம் என்று சொன்ன வாய் மூடும் முன்னே, உயிரைக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறார். நிறைவை மட்டும் தனியாக வெட்டி எடுத்து நமக்குக் கொடுத்தால் நன்றாகத்தான் இருக்கும். அவர் அப்படிக் கொடுப்பதாகச் சொல்லவே இல்லை.

சரி, என்ன செய்வது? பத்துத் தீர்மானம் எடுக்காதீர்கள், வீங்கிவிடும். கத்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு தடவை பீஸ் எண்ணுகிறீர்கள், எண்ணிக்கை குறைந்தால் மேனேஜர் உங்களைத் திட்டுகிறார், நீங்கள் லைனுக்கு வந்து தையல் மெஷினில் இருக்கிற பெண்ணைத் திட்டுகிறீர்கள், அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அடிக்கிறது. மேலேயிருந்து வருகிற திட்டு உங்களோடு நிற்கட்டும். அனுதினமும் எடுக்க வேண்டிய சிலுவை எங்கே இருக்கிறது என்று மலையெல்லாம் ஏறித் தேட வேண்டாம், உங்களுக்கு அது லைன் நம்பரோடு இருக்கிறது. ரிஜெக்ட் ஆன பீஸைத் தூக்கிக் காட்டி எல்லார் முன்னாலும் கத்துவதை விட்டு, அந்த மெஷின் பக்கத்தில் போய், அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசுங்கள். ஏற்கெனவே நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியிருந்தால், மன்னிப்பையும் நாலு பேர் முன்னால்தான் கேட்க வேண்டும், தனியாகக் கூப்பிட்டு அல்ல.

இதை உங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய முடியாது. இடம் மாற்றித் தைத்த நாண் அசைவது, அதன் மறுமுனையில் உயிருள்ள தசை இருப்பதால்தான். ‘என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது’ என்று இயேசு சொன்னதும் அதைத்தான். அதனால் காலையில் கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனை உள்ளே வைத்துவிட்டு, உங்கள் லைனில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். பெயர் தெரியாதவர்கள் இருந்தால் முதலில் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழு மணிக்குப் பெயர் சொல்லி ஜெபித்த பெண்ணை ஒன்பது மணிக்கு ‘ஏய்’ என்று கூப்பிட நாக்கு வராது.

டார்கெட் குறையும் என்றோ கடன் அடையும் என்றோ நான் சொல்லவில்லை. டாக்டர் பிராண்டிடமே சில பேர் வந்து, “டாக்டர், இந்தக் கையைப் பார்த்தால் யாரும் பிச்சை போடுவதில்லை” என்றார்களாம். கை சரியானது, பிழைப்பு போனது! அதற்காக அவரை யாரும் திட்டவில்லை என்றாலும், அவர் அத்தோடு விடவில்லை. நவஜீவ நிலையம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அங்கே தங்கவைத்துத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார்கள். சபை செய்ய வேண்டியதும் அதுதான். முன்னால் வந்து முழங்காலில் நின்றவரை ‘அல்லேலூயா’ சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த வருஷம் வரை அவரைப் பார்ப்பதே இல்லை என்றால் எப்படி? உங்கள் போதகரிடம் இதைக் காட்டி, நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். வாரம் ஒரு தடவை உங்களை உட்காரவைத்து ‘இந்த வாரம் லைனில் எப்படி?’ என்று கேட்க ஒரு பெரியவரைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: தினமும் காலையில் 200 பேருக்கு வாட்ஸப்பில் வசனமும் பூப்படமும் அனுப்புகிறேன். இதுவும் ஊழியம்தானே ஐயா? — ஒரு சகோதரர், காட்பாடி

பதில்: நாளைக்கு 199 பேருக்கு அனுப்புங்கள். மீதி ஒருவருக்குப் போன் போட்டு “உடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். அந்த 200இல் நானும் ஒருவன் என்று சந்தேகப்படுகிறேன். நாலரை மணிக்கு வேண்டாம், ஆறுக்கு மேல் அனுப்பினால் போதும்.

கேள்வி: மாமியார் பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். வீட்டுக்காரர் தறி வேலை, பிள்ளைகள் இரண்டு. காலையில் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்காதவர்களுக்கு ஆவிக்குரிய வளர்ச்சியே இல்லை என்கிறார் ஜெபக்குழு அக்கா. பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன். சில நேரம் மாமியார் மேல் கோபமாக வருகிறது, அப்புறம் அழுகிறேன். — குடியாத்தம் வாசகி

பதில்: அம்மா, தூக்கம் வந்தால் தூங்குங்கள். ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்று சங்கீதத்திலேயே இருக்கிறது.

முதலில் என் தொழில் கேள்வி: மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே ஆரம்பியுங்கள், இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்தால் ஆற்றுவது பெரும்பாடு. ராத்திரி முறையில் பாதி உங்கள் வீட்டுக்காரருடையது. அவருடைய அம்மாதானே? நான் சொன்னதாகச் சொல்லுங்கள். புரட்டுவதற்கு முன்னால் “அத்தை, இப்போ இந்தப் பக்கம் திருப்புறேன்” என்று வாயால் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். பேச முடியாமல் கிடந்தாலும் காது கேட்கும், சாமானைப் புரட்டுவதுபோல் புரட்டினால் அவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் சங்கீதம் 23இல் ஒரே ஒரு வரியைச் சொல்லுங்கள், அவருக்கும் கேட்கிற மாதிரி. ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்.’ அடுத்த தடவை அடுத்த வரி. நாள் முடியும்போது நீங்கள் எத்தனை தடவை கர்த்தர் முன்னால் நின்றிருக்கிறீர்கள் என்று அந்த அக்காவுக்கு யாராவது கணக்குச் சொல்லட்டும். கோபம் வருகிறதா? அதையும் கர்த்தரிடமே சொல்லுங்கள். சங்கீதக்காரர்கள் இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறார்கள், அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

ஜெபக்குழு அக்காவுக்கு என் பெயரில் ஒரு வேலை கொடுங்கள். புதன்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் வந்து மாமியார் பக்கத்தில் உட்காரட்டும், அங்கேயே முழங்காலில் நிற்கட்டும். நீங்கள் உள்ளே போய்ப் படுங்கள்.

கேள்வி: இன்ஜினியரிங் கடைசி வருஷம். சென்னையில் ஐடி வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டுமோ என்று மனசு அலைகிறது. வேலூர் சிஎம்சியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு ஒரே இரவில் அழைப்பு வந்த மாதிரி எனக்கும் தெளிவாக வந்தால் நன்றாக இருக்கும். — மாணவர், வேலூர்

பதில்: தம்பி, அந்த இரவைப் பற்றி எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், எனக்கும் மனப்பாடம். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்த பெண். மிஷனரி வேலையே வேண்டாம் என்று இருந்தவர். ஒரு ராத்திரி மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வலியில் இருக்கிற தங்கள் மனைவியைப் பார்க்க வரச்சொல்லிக் கேட்டார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பாவை அனுப்பலாம் என்றால் ஆண் டாக்டரை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

மேடையில் இத்தோடு நிறுத்திவிட்டு ‘யார் அர்ப்பணிக்கிறீர்கள்?’ என்று கேட்பார்கள். மீதியை நான் சொல்கிறேன். அந்தம்மா மறுநாளே துண்டுப்பிரதி கொடுக்கக் கிளம்பவில்லை. திரும்பிப் போய் மருத்துவம் படித்தார், பட்டம் வாங்கியது 1899இல். 1900இல் வேலூர் வந்தார். கூட இருந்து தொழில் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பியிருந்த அப்பாவும் அந்த வருஷமே இறந்துவிட்டார். முதலில் ஒரே ஒரு கட்டில். 1902இல் ஆஸ்பத்திரி. அப்புறம் குடியாத்தம் ரோட்டில் மரத்தடிக்கு மரத்தடி நின்று மருந்து கொடுத்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்தான். அந்த ராத்திரி வந்த மூன்று பேருக்கும் தேவைப்பட்டது வேலை தெரிந்த ஒரு டாக்டர். அதனால் அவர் போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார்.

உங்கள் கேள்விக்கு: வேலைக்குப் போங்கள். யோவான்ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் வந்து ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்?’ என்று கேட்டபோது, ஆயத்துறையை விட்டுவிடு என்று அவன் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றான். அவ்வளவுதான். உங்கள் ரெஸ்யூமேயில், சீனியர் செய்த ப்ராஜெக்டை நீங்கள் செய்ததாகப் போட்டிருந்தால் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். வேலை போனாலும் போகட்டும். அதைச் செய்துவிட்டு, முழுநேர ஊழியத்தைப் பற்றி அடுத்த வருஷம் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் கிறிஸ்தவர் அல்ல. எங்கள் வீட்டில் ரமணர் படம்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் உள்ளான மாற்றத்துக்கும் அவர் சொன்ன ஆத்ம விசாரணைக்கும் என்ன வித்தியாசம்? — திருவண்ணாமலை வாசகி

பதில்: பழைய வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் நாம், அதனால் உரிமையோடு பேசுகிறேன். பதினாறு வயதில் 1896இல் உங்கள் ஊருக்கு வந்து, கடைசிவரை மலையை விட்டுப் போகாத ஒருவரைப் பற்றி நான் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது மரியாதை இல்லை. என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

‘நான் யார்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார் ரமணர். எங்கள் வழியில் கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. நடந்து போகிற வழியில் இயேசு சீஷர்களைப் பார்த்து, ‘நீங்கள் என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்?’ என்று கேட்கிறார். பேதுரு உடனே சரியான பதில் சொல்லிவிடுகிறான். ஆனால் அதே பேதுரு நாலு வசனம் தள்ளி, பாடுபட வேண்டாம் என்று அவரையே கடிந்துகொண்டு, நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்கிறான். பதில் சரி, ஆள் இன்னும் மாறவில்லை. கூடவே நடந்து, தப்பு செய்து, திட்டு வாங்கி, மன்னிக்கப்பட்டுத்தான் மாறுகிறான். எனக்கு இந்த வழி பிடித்ததற்குக் காரணம், என்னை நானே சரிசெய்ய விட்டால் நான் எனக்குச் சலுகை கொடுத்துக்கொள்வேன்.

மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், படித்துப் பாருங்கள். யாராவது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வரச்சொன்னால் கேட்காதீர்கள். குணமான ஒருவன் ‘உம்மோடேயே வருகிறேன்’ என்று கெஞ்சினபோது, ‘உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ’ என்றுதான் இயேசு அவனை அனுப்பினார். அது ஐந்தாம் அதிகாரத்தில் வரும்.

கேள்வி: பாலாற்றங்கரையில் அப்பா விட்டுப்போன நிலத்தில் பாகத் தகராறு. வாலாஜாவில் இருக்கும் அண்ணன் என்னோடு பேசி வருஷக்கணக்காகிறது. தப்பு முழுக்க அவர் மேல். நான் ஜெபிக்கிறேன், தசமபாகம் கொடுக்கிறேன், திருவிருந்து எடுக்கிறேன். ஆனாலும் உள்ளே சமாதானம் இல்லை. — ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

பதில்: சார், மத்தேயு 5:23, 24 உங்களுக்குத் தெரியும், வகுப்பே எடுத்திருப்பீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. எப்போது? ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவுக்கு வரும்போது. அண்ணன் மேல் உங்களுக்கு இருக்கிற குறையை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் அவருக்கு என்ன குறை என்று ஒரு வரிகூட இல்லை. யார் பக்கம் நியாயம் என்ற விசாரணை அந்த வசனத்தில் கிடையாது. கிளம்பிப் போகிற வேலை மட்டும்தான் இருக்கிறது.

நிலத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது சர்வேயரும் வக்கீலும் பார்க்கட்டும், உங்கள் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆனால் அண்ணனிடம் போகிற அன்றைக்கு நிலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போகவேண்டாம், சாதாரண நாளில் போங்கள். பத்திர ஜெராக்ஸ், பட்டா, வில்லங்கச் சான்று எதுவும் பையில் இருக்கக் கூடாது. சாட்சிக்கு மச்சானையும் கூட்டிப்போகாதீர்கள். “என் மேல் உனக்கு என்ன வருத்தம், சொல்லுண்ணா” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை நடுவில் பேசாதீர்கள். ஆசிரியர்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும். அவர் கதவைச் சாத்தினால் திரும்பி வந்துவிட்டு, அடுத்த மாதம் மறுபடி போங்கள்.

வெறுங்கையோடு போகவேண்டாம். உங்கள் ஊர் மக்கன்பேடா அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று அண்ணியிடம் போனில் கேட்டுவிட்டு வாங்குங்கள், இருந்தால் கொய்யாப்பழம்.